தலைநகரின் பஸ்ஸும் தலைநகரின் காற்றும்

அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்கும் அலுவலில் உள்ள நமக்கு அண்மைக் காலத்தில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் தொடர் ஒன்று உண்டு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்பது அது. 2013ஆம் ஆண்டில் நிறைவேறிய கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இத்தொடருக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பெரிய கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளில் ஈட்டிய சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கையாவது கல்வி, சுகாதாரம், சுற்றுப்புறப் பாதுகாப்பு முதலிய பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. தொடரைத் தமிழில் எழுதிவிடுவது எளிது. ஆனால் எழுதும்போதே ஓர் ஐயம் எழுகிறது. லாபமே காணாத ஸ்தாபனத்திற்குச் சமூகப் பொறுப்பு உண்டா, இல்லையா?

இந்த ஐயம் வீணான ஒன்றன்று. நம் நாட்டு நகரங்களில் பஸ் நடத்தும் பொது ஸ்தாபனங்களில் பெரும்பாலானவை நஷ்டத்திலேயே நடப்பவை. அவற்றுள் பல கம்பெனிச் சட்டத்தின்கீழ் அமைந்தவையும் அல்ல. 1950ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சாலைப் போக்குவரத்துக் கார்ப்பொரேஷன் சட்டத்தின்கீழ்ப் பிறந்தவை. அந்தப் பழைய சட்டத்தை எடுத்துப் படிப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. திறமையான, போதுமான, சிக்கனமான, ஒழுங்குபட இணைக்கப்பட்ட போக்குவரத்து வசதியைத் தருவது கார்ப்பொரேஷனின் கடமை என்று அது விதிக்கிறது. வியாபார நெறிப்படி நடக்கவேண்டும் என்றும் சொல்கிறது. லாபம் வந்தால் என் செய்வது? பிரயாணிகளின் சௌகரியத்திற்கும், தொழிலாளர் நலனுக்கும், பஸ் சேவையை விரிவாக்குவதற்கும் அதில் ஒரு பகுதியைச் செலவிடலாம். மீதியிலிருந்து சாலை அபிவிருத்திக்குப் பணம் கொடுக்கலாம் என்கிறது. அறுபது ஆண்டு கழித்து வந்த புதுச் சட்டம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டை ஒதுக்கச் சொன்னதைப் பெரும் புதுமை என்று சிலர் பாராட்டினார்கள். பழைய சட்டமோ ஸ்தாபனம் முழுவதையுமே பொதுக் காரியமாகக் கருதியது. நம் கருத்தில் பழையதே ஆழமானது. அதன்படி ஒரு பஸ் ஸ்தாபனத்தின் பொறுப்பு, அது வழங்கும் நன்கொடையில் இல்லை. அது ஓட்டும் பஸ்ஸில் இருக்கிறது.

இதை விளக்கத் தில்லி மாநகரின் பஸ் வரலாற்றைவிட ஏற்ற எடுத்துக்காட்டு இல்லை. தில்லியில் வாழும் தமிழர்களுக்கு அது சொந்த அனுபவம். வேறு நகரங்களில் வாழும் நம்மவர்க்கும் பயன்படக் கூடியது.

சுதந்திரம் வந்த காலத்தில் தலைநகரில் பஸ் ஓட்டியது குவாலியர் அண்டு நார்தர்ன் இந்தியா டிரான்ஸ்போர்ட் என்ற தனியார் கம்பெனி. பிரிவினையால் அகதிகளாய் வந்த மக்கள் வெள்ளம் தில்லியில் நிரம்பியது. அந்நிலையில் தனியார் சேவை போதவில்லை என்று கண்ட மத்திய அரசாங்கம், 1948 மே மாதத்தில் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, தில்லிப் போக்குவரத்துச் சேவை என்று பெயரிட்டது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் அது ஒரு தனி அதிகார அமைப்பாயிற்று. 1958இல் தில்லி மாநகராட்சியின் பொறுப்பில் வந்து டி.டி.யு. என்ற மூன்றெழுத்தில் வழங்கலாயிற்று. 1971 நவம்பரில் மத்திய அரசாங்கம் மாநகராட்சியிடமிருந்து அதை மீண்டும் வாங்கி, தில்லிப் போக்குவரத்துக் கார்ப்பொரேஷனாக அமைத்தது. டி.டி.சி. என்று இன்றும் வழங்கும் பெயர் அன்று பிறந்தது. 1996 ஆகஸ்டில் அது தில்லி அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறியது. ஐம்பது ஆண்டுக்குள் எஜமானர் இத்தனை முறை மாறிய ஸ்தாபனம் வேறு எங்கும் இருக்குமோ என்னவோ! எஜமானர் மாறும்போதெல்லாம் வண்டியின் மீது எழுதிய பெயர் மாறியது. நிறுத்தத்தில் காத்திருப்பவரின் நிலை அதே வேகத்தில் மாறவில்லை.

கரோல்பாகிலும் லோதி காலனியிலும், பின்னர் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை இந்தப் பஸ்களோடு பின்னிக் கிடந்தது. ஐம்பதுகளில் சைக்கிளில் மத்தியச் செயலகத்துக்குச் சென்ற குமாஸ்தாக்கள், நகரம் பரந்து வீடுகள் தொலைவில் போகப் போகப் பஸ்ஸை நாடினர். வட்டச் சாலையைச் சுற்றி வரும் முத்ரிகா சேவையை அறியாத தில்லித் தமிழர் இலர். ஹிந்தி பேசத் தயங்கிய புதுக் குடியேறிகள் பலர், எண்களைச் சொல்லிச் சீட்டு வாங்கும் அளவுக்கு முதன்முதலில் அம்மொழியைப் பழகியது கண்டக்டரிடந்தான்.

நகரம் பெருகியது, வண்டிகள் பெருகின, புகையும் பெருகியது. எழுபதுகள், எண்பதுகளில் அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. தொழிற்சாலையின் புகைபோக்கியை வளர்ச்சியின் சின்னமாகப் படம் வரைந்த காலம் அது. அன்று விற்ற டீஸலில் கந்தகம் மிகுதி. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. பழைய பஸ் ஒன்று நிறுத்தத்தை விட்டுப் புறப்படும்போது கிளம்பும் கரும்புகையில், பின்னால் நிற்பவர் முகம் மறையும். வெள்ளைச் சட்டை அணிந்து அலுவலகம் சென்றவர் மாலையில் கழுத்துப்பட்டை கறுத்துத் திரும்புவார். குழந்தைகளின் இருமலைக் குளிர்கால நோய் என்று கருதி, துளசிக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். டீஸல் புகை புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு திட்டமாக அறிவித்தது 2012ஆம் ஆண்டில்தான்.

ஆனால் தில்லியின் வழக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1985ஆம் ஆண்டில் எம். சி. மேத்தா என்ற வழக்கறிஞர், தில்லியின் வாகனப் புகையைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 1976இல் செய்த திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சுற்றுப்புறப் பாதுகாப்பு அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் சேர்க்கப்பட்டிருந்தது. உயிர் வாழும் உரிமை என்பதில் தூய காற்றும் அடங்கும் என்ற கருத்து மெல்ல மெல்ல வலுப்பெற்றது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1996இல் அறிவியல் சுற்றுப்புற மையம் என்ற தில்லி அமைப்பு, நகரத்து வாகனப் புகையைப் பற்றி, மெல்லக் கொல்லும் கொலை என்ற பொருளுடைய தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைவர் அனில் அகர்வால், தாமே புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தவர். அந்த அறிக்கை பொதுமக்களின் கவனத்தை ஈர்த்தது.

அதே 1996ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இங்கே குறிப்பிட வேண்டும். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரால் பாலாறும் சுற்றியுள்ள நிலமும் கெட்டதைப் பற்றிய வழக்கு அது. தீங்கு நேருமுன் தடுக்கவேண்டும். மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும். இவ்விரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி கூறியது. பாலாற்றங்கரைக் குடியானவர்களின் குறையிலிருந்து பிறந்த அந்த நெறிகள், ஆறு ஆண்டு கழித்து யமுனைக் கரை நகரத்தின் பஸ்களுக்கும் பயன்பட்டன. தமிழ்நாட்டிற்கும் தலைநகருக்கும் உள்ள உறவில் இந்த ஒன்றை நம்மவரும் அதிகமாக அறியார்.

1998 ஜனவரியில், பூரே லால் என்பவர் தலைமையில், தலைநகர்ப் பகுதிக்குச் சுற்றுப்புற மாசுத் தடுப்பு அதிகார அமைப்பு ஒன்றை மத்திய அரசாங்கம் நிறுவியது. அனில் அகர்வால் அதில் ஓர் உறுப்பினர். அதன் சிபாரிசுகளை ஏற்று, 1998 ஜூலை 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு வரலாற்றுப் புகழ் பெற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் செப்டம்பர் முதல் தேதிக்குள் நகரை விட்டு நீங்க வேண்டும். எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட பஸ்கள், தூய எரிபொருளில் ஓடினாலன்றி, 2000 ஏப்ரல் முதல் ஓடக் கூடாது. நகரத்தின் பஸ்கள் அனைத்தும், டி.டி.சி.யினுடையவையும் தனியாருடையவையும், 2001 மார்ச் 31ஆம் தேதிக்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட வேண்டும். சுருக்கமாக நாம் சி.என்.ஜி. என்று சொல்வது இதையே. அந்த வாயு கிடைக்கும் நிலையங்கள் 9இலிருந்து 80 ஆக வேண்டும். இவற்றோடு, பொது பஸ்களின் எண்ணிக்கை 2001 ஏப்ரலுக்குள் 10,000 ஆக உயர வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக, பிறகு வருவோம்.

உத்தரவு வந்த பின் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய உறக்கத்தில் கழிந்தன என்றே சொல்ல வேண்டும். பஸ் முதலாளிகள் கெடு நீளும் என்று நம்பினர். பஸ் செய்யும் தொழிற்சாலைகள் ஆர்டர் வரட்டும் என்று காத்திருந்தன. வாயு விநியோகத்திற்காக 1998 டிசம்பரில் இந்திரப்பிரஸ்த காஸ் என்ற கம்பெனி தோன்றியது. ஆயினும் பஸ்களே இல்லாதபோது நிலையம் எதற்கு என்று ஒரு தரப்பும், நிலையமே இல்லாதபோது பஸ் எதற்கு என்று மறுதரப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. விதை முந்தியா மரம் முந்தியா என்ற வழக்கு, அலுவலகங்களில் மிகவும் வசதியானது.

கெடு நெருங்கியபோது கூக்குரல் எழுந்தது. 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாற்றத்துக்கு மெய்யாகவே ஏற்பாடு செய்தவர்களுக்கு மட்டும் செப்டம்பர் வரை அவகாசம் அளித்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய பஸ்கள் பல சாலையிலிருந்து விலக, நகரம் திணறியது. நிறுத்தங்களில் திரள் திரளாக மக்கள் நின்றார்கள். வந்த பஸ்ஸின் கூரைமீதும் ஏறினார்கள். அன்றைய துன்பத்தைச் சுமந்தவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. சொந்தக் கார் உள்ளவர் அல்லர். காரின் புகையைப் பற்றி அந்த உத்தரவு பஸ்ஸைக் கேட்ட அளவுக்குக் கண்டிப்பாகக் கேட்கவில்லை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், தொழிற்சாலைக் கூலியாள், ஷிப்ட் மாறும் நர்ஸ் ஆகியோரே வெயிலில் நின்றார்கள். தூய காற்றுக்கு விலை கொடுக்க வேண்டியது மாசு செய்தவர் என்று நெறி சொல்லிற்று. முதல் தவணையைக் கொடுத்தவரோ சீட்டு வாங்கிப் பிரயாணம் செய்தவர்.

வாயு நிலையங்களில் வண்டிகள் மைல் கணக்கில் வரிசையாய் நின்றன. ஆட்டோ ஓட்டுபவர் இரவெல்லாம் வரிசையில் கழித்துக் காலையில் அரை நாள் வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள். வாயுவின் அழுத்தம் குறைந்தால் தொட்டி பாதிதான் நிரம்பும். மாலைக்குள் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். புதுச் சி.என்.ஜி. பஸ்கள் சில தீப்பற்றியதும் அச்சத்தை வளர்த்தது.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்வது சரியன்று. விஞ்ஞானி ஆர். ஏ. மாஷேல்கர் தலைமையில் மத்திய அரசாங்கம் 2001 செப்டம்பரில் ஒரு குழுவை அமைத்தது. வண்டியிலிருந்து எவ்வளவு புகை வரலாம் என்று அரசாங்கம் வரம்பு கட்டட்டும். எந்த எரிபொருளால் அந்த வரம்புக்குள் நிற்பது என்பதை வண்டி செய்பவர் தீர்மானிக்கட்டும் என்பது குழுவின் கருத்து. கோட்பாட்டளவில் இதில் குறை காண்பது கடினம். கந்தகம் நீக்கிய தூய டீஸல் மேல்நாடுகளில் அன்றே கிடைத்தது. ஆனால் நம் நாட்டு நிலை வேறு. எண்ணெயில் கலப்படம் செய்வது எளிது, மண்ணெண்ணெய் மலிவு, பரிசோதனைச் சான்று பணத்துக்குக் கிடைக்கும். வாயுவில் கலப்படம் செய்வது அரிது. பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற தரத்துக்குரிய தூய எரிபொருள் தில்லிக்கு வந்து சேர்ந்தது 2018 ஏப்ரலில். குழுவின் வழியை ஏற்றிருந்தால், அந்தப் பதினாறு ஆண்டுகளில் நகரத்துப் பஸ்கள் எதைக் கக்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நீதிமன்றம் பொறுமை இழந்தது நன்மைக்கே என்பது நம் துணிபு.

2002 ஏப்ரல் 5ஆம் தேதித் தீர்ப்பு அந்தப் பொறுமையின்மையைத் தெளிவாகக் காட்டியது. டீஸல் பஸ் ஓட்டுபவர் ஒரு பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும். முப்பது நாள் கழிந்தால் அது 1,000 ரூபாய். மே முதல் மாதந்தோறும் 800 டீஸல் பஸ்கள் விலக்கப்பட வேண்டும். வாயு விநியோகத்தில் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும். உபதேசத்தால் நடக்காதது அபராதத்தால் நடந்தது. 2002 டிசம்பரில், தில்லியின் கடைசி டீஸல் நகரப் பஸ் சாலையை விட்டு நீங்கியது. இத்தனை பெரிய அளவில் சி.என்.ஜி. பஸ்களை ஓட்டும் ஸ்தாபனம் உலகில் வேறில்லை என்ற பெயர் டி.டி.சி.க்குக் கிட்டியது. அனில் அகர்வால் இதைக் காணவில்லை. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் தேதி அவர் காலமானார்.

மாற்றம் என்றால் என்ன என்பதையும் சற்றுப் பார்ப்போம். டீஸல் இயந்திரத்தில் காற்றை இறுக்கியே எண்ணெய்க்குத் தீ மூட்டுகிறார்கள். வாயு இயந்திரத்திற்கு மின்பொறி வேண்டும். ஆகவே தொட்டியை மட்டும் மாற்றினால் போதாது. இயந்திரமே மாற வேண்டும். பம்பாய்க் கடலிலிருந்து எடுத்த வாயு, ஹஜீராவிலிருந்து வடக்கே வரும் நெடுங்குழாய் வழியே தில்லிக்கு வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் அழுத்தத்தில் அதை உருளைகளில் அடைக்கிறார்கள். எண்ணெய்க் கையோடு பழகிய டிப்போ மெக்கானிக்குகள், ஐம்பது வயதில் புதுத் தொழில் கற்றார்கள். இந்த மாற்றத்தைப் பற்றிய புத்தகங்களில் நீதிபதிகளின் பெயரும் நிபுணர்களின் பெயரும் உண்டு. கசிவு பார்க்கவும், வால்வு பூட்டவும் இரவு ஷிப்டில் கற்றுக்கொண்டவர்களின் பெயரைக் காணோம்.

காற்றுத் தூய்மை அடைந்ததா? சில ஆண்டுகள் கண்ணுக்கே வேறுபாடு தெரிந்தது. கந்தக வாயுவும் கரியும் குறைந்தன. ஆனால் அந்த ஆதாயத்தைப் பெருகி வந்த தனிக் கார்களும் இருசக்கர வண்டிகளும், இரவில் நகரைக் கடக்கும் லாரிகளும், கட்டட வேலைத் தூசியும், வயல்களில் வைக்கோல் எரிப்பதும் சேர்ந்து தின்றுவிட்டன. 2014இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட நகரப் பட்டியலில், நுண்தூசி மிகுந்த நகரமாகத் தில்லி நின்றது. 2016 ஜனவரியில் முதல் பதினைந்து நாள், ஒற்றைப்படை எண் கார் ஒரு நாள், இரட்டைப்படை எண் கார் மறுநாள் என்று ஓட்டிப் பார்த்தார்கள்.

இங்கேதான் அந்த 10,000 என்ற எண்ணிக்கைக்குத் திரும்ப வேண்டும். நீதிமன்றம் எரிபொருளை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. பஸ்களைப் பெருக்கவும் சொன்னது. முதலாவதற்கு அபராதம் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. 2022ஆம் ஆண்டில்கூட டி.டி.சி.யும், அதனுடன் இயங்கும் கிளஸ்டர் பஸ்களும் சேர்ந்து 10,000ஐ எட்டவில்லை. தூய பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் மனிதன் தன் ஸ்கூட்டரை வீட்டில் விடுவான். அரை மணிக்கு ஒன்று வந்தால், கடன் வாங்கியாவது ஸ்கூட்டர் வாங்குவான். பஸ் எவ்வளவு தூயதாயினும் அது வராத நேரத்தில் காற்றைத் தூய்மையாக்க முடியாது.

பஸ் குறைவை நிரப்புவதற்காகத் தனியாரை அழைத்த கதை துயரமானது. 1992இல் சிவப்புக் கோட்டுப் பஸ்கள் வந்தன. விபத்துகள் மலிந்தபோது நீலக் கோடாக நிறம் மாறின. குணம் மாறவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒவ்வொரு முதலாளி. அன்றைய வசூலே டிரைவரின் வயிற்றுக்கும் முதலாளியின் தவணைக்கும் ஆதாரம். எனவே முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் நிறுத்தத்தில் நிற்கும் பிரயாணி தனக்குக் கிடைப்பார். 2007ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இப்பஸ்களின்கீழ் உயிரிழந்தனர். இந்தப் பஸ்களும் சி.என்.ஜி.யில் ஓடியவையே என்பதை மறக்கலாகாது. புகையற்ற வண்டி, பொறுப்பற்ற ஸ்தாபனம் என்ற விந்தையை நகரம் கண்டது. 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டி அவற்றை விலக்கத் தொடங்கினார்கள். அதே சமயத்தில் டி.டி.சி. வாங்கிய தாழ்தளப் பஸ்கள், முதியோரும் ஊன்றுகோல் பிடித்தவரும் பிறர் கையைப் பிடிக்காமல் ஏறும்படி அமைந்தவை. விளையாட்டுக்காக வந்த அந்தப் பஸ்கள், விளையாட்டு முடிந்த பிறகும் நம் பாட்டிமார்களுக்கு உதவின.

மெட்ரோ ரெயிலைப் பற்றி ஒரு சொல். 1995 மே மாதத்தில் மத்திய அரசாங்கமும் தில்லி அரசாங்கமும் சரிபாதிப் பங்காளிகளாய்ப் பதிவு செய்த கம்பெனி அது. 2002 டிசம்பரில், கடைசி டீஸல் பஸ் விடைபெற்ற அதே மாதத்தில், ஷாஹ்தராவிலிருந்து தீஸ் ஹஸாரிக்கு அதன் முதல் வண்டி ஓடிற்று. அதை நடத்திய ஈ. ஸ்ரீதரன், 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தவர் என்பது ராமேசுவரம் சென்றவர் அறிந்ததே. மெட்ரோ வண்டி நிற்கும்போது அதன் மோட்டார்களே ஜெனரேட்டர்களாய் மாறி, மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன; பக்கத்தில் கிளம்பும் மற்றொரு வண்டி அதை உண்கிறது. இத்திட்டத்தை ஐக்கிய நாடுகளின் தூய வளர்ச்சி ஏற்பாட்டில் 2007 டிசம்பரில் பதிவு செய்தார்கள். ரெயில் ஸ்தாபனங்களில் அப்பெருமை பெற்றது உலகிலேயே இதுதான் முதல். 2004 முதல் 2007 வரை இவ்வகையில் மிஞ்சிய கரியமில வாயு ஏறத்தாழ 90,000 டன். 2019 ஏப்ரல் முதல் மத்தியப் பிரதேசத்து ரீவா சூரிய மின் நிலையத்திலிருந்தும் அதற்கு மின்சாரம் வரலாயிற்று.

இவை போற்றத்தக்கவையே. ஆயினும், பொறுப்பு என்ற சொல்லுக்கு நாம் பொருள் தேடும்போது, இவற்றைவிட வேறொரு நாள் நினைவுக்கு வருகிறது. 2009 ஜூலை 12ஆம் தேதி ஜம்ருத்பூரில், கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து, வேலை செய்தவர்கள் மாண்டனர். ஸ்ரீதரன் அன்றே தார்மிகப் பொறுப்பேற்று ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். அரசாங்கம் ஏற்கவில்லை, அவர் பணிக்குத் திரும்பினார். இறந்தவர்கள் பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்த தொழிலாளர். நகரத்தின் தூய போக்குவரத்தைத் தம் தோளில் தூக்கி நிறுத்தியவர்களுள் அதில் ஒரு முறையும் ஏறாமலே போனவர்கள் உண்டு.

2019 அக்டோபர் 29ஆம் தேதி, சகோதர பாசத்தைக் கொண்டாடும் பாயி தூஜ் பண்டிகையன்று, டி.டி.சி. பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யும் ஏற்பாடு தொடங்கியது. கண்டக்டர் அப்போது ரோஸ் நிறச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதன் பணத்தை அரசாங்கம் கார்ப்பொரேஷனுக்கு ஈடு செய்தது. 2021 மே மாதத்தில் தமிழ்நாடும் சாதாரண நகரப் பஸ்களில் இவ்வழக்கத்தை ஏற்றது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களை நாம் அறிவோம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் ஒருத்தி, பஸ்ஸுக்குப் பணம் மிச்சம் பிடிக்க இரண்டு கிலோமீட்டர் நடந்து கொண்டிருந்தாள். அவள் இப்போது ஏறி உட்காருகிறாள். நஷ்டக் கணக்கில் எழுதப்படும் அந்தச் சீட்டு, அவள் வீட்டு வரவுக் கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் காட்ட நம் கணக்கர்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

2022 ஜனவரியில் டி.டி.சி.யின் முதல் மின்சாரப் பஸ் சாலைக்கு வந்தது. பிறகு மேலும் பல வந்தன. இவற்றில் புகைக்குழாயே இல்லை. ஒரு காலத்தில் டீஸல் பம்பு நின்று, பிறகு வாயு அழுத்தும் இயந்திரம் நின்ற டிப்போ முற்றத்தில் மின்னூட்டும் கம்பங்கள் நிற்கின்றன. அம்மின்சாரம் எங்கே பிறக்கிறது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. தில்லியின் பதர்பூர் நிலக்கரி மின் நிலையத்தை 2018 அக்டோபரில் மூடினார்கள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியோ இன்னும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. டிப்போ மெக்கானிக் இந்த முறை ஸ்பானருக்குப் பதில் மின்னளவை மானியைக் கையில் எடுத்திருக்கிறார். ஒரு தலைமுறைக்குள் அவர் கற்கும் மூன்றாவது தொழில் இது.